எந்த வேலைக்கு ஆள் கேக்குறாங்கன்னு நாமளே பாத்து படிப்ப முடிவு பண்றது எப்படி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்ல நடக்குற கூத்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மாமா ஒருத்தர் "கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு, கண்ண மூடிட்டு போடு"ம்பார், பக்கத்து வீட்டு அக்கா "நர்சிங் படிச்சா வெளிநாடு போயிரலாம்"னு சொல்வாங்க, டியூஷன் சார் "கவர்மெண்ட் வேலைதான்யா நிம்மதி"னு முடிச்சிருவார். இதுல யாரும் பொய் சொல்லல. ஆனா ஒவ்வொருத்தரும் தனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேரோட கதைய வெச்சுதான் பேசுறாங்க, அதுவும் அந்தக் கதை அஞ்சு பத்து வருஷம் பழசு. இதத் தாண்டி இப்போ மார்க்கெட்ல என்ன நடக்குதுன்னு ஒரு போனும் ஒரு நோட்டும் வெச்சுக்கிட்டு நாமளே பாக்கலாம், காசு ஒண்ணும் ஆகாது, சாயங்காலம் ஒரு மணி நேரம்னு ரெண்டு மூணு வாரம் உக்காந்தா போதும். ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி கடைசி வருஷம், வேலைல இருந்துகிட்டு மாறலாமான்னு யோசிக்கிறவங்க, யாரா இருந்தாலும் வழி இதேதான்.

நாலு கேள்விக்கு பதில் வேணும். ஆள் கேக்குறாங்களா, அந்த இடத்துக்கு எத்தன பேர் அடிச்சுக்கிறாங்க, நான் படிச்சு வெளிய வர்றப்போ நெலம எப்படி இருக்கும், அந்த வேலை எந்த ஊர்ல இருக்கு. முக்காவாசிப் பேர் முதல் கேள்வியோட நின்னுடறாங்க, அடி வாங்குறது ரெண்டாவதுலயும் மூணாவதுலயும்தான்.

முதல்ல வேலையோட பேர எழுதுங்க

"ஐடி", "மெக்கானிக்கல்", "மெடிக்கல் லைன்" இதெல்லாம் வேலை இல்ல, துறை. துறைய வெச்சுத் தேடினா ஒண்ணும் புரியாது. மெக்கானிக்கல்னு எடுத்தா அதுக்குள்ள சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைல ஓடுற மெஷின்) ஆப்பரேட்டர், விஎம்சி (அதுலயே ஒரு வகை) செட்டர், புரோகிராமர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர், மெயின்டெனன்ஸ், டிசைன் இன்ஜினியர், சர்வீஸ் இன்ஜினியர், பர்ச்சேஸ்னு ஒரு ஊரே இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் சம்பளம் வேற, ஷிப்ட் வேற, வளர்ச்சி வேற. ஐடிலயும் அப்படித்தான், டெவலப்பர் வேற, டெஸ்டிங் வேற, சப்போர்ட் வேற, அக்கவுண்ட்ஸ் படிச்சவங்க போற பிபிஓ வேலை வேற.

உங்களுக்குப் புடிச்ச துறைல மூணு வேலைப் பேர் எடுங்க, மூணுக்கு மேல வேணாம். பேரே தெரியலன்னா மத்திய அரசோட வேலை தேடுற தளமான என்சிஎஸ் போர்ட்டல்லயோ, நௌக்ரி மாதிரி தனியார் தளத்துலயோ போய் துறைய மட்டும் போட்டு தேடுங்க, வர்ற விளம்பரத் தலைப்புல இருக்குற பேருங்களே கம்பெனிக்காரங்க நெஜமா பயன்படுத்துற பேரு. காலேஜ் பிராஸ்பெக்டஸ்ல "வேலை வாய்ப்புகள்"னு போட்டிருக்குற லிஸ்ட நம்பாதீங்க, அதுல விஞ்ஞானி வரைக்கும் இருக்கும்.

அடுத்து விளம்பரம் சேக்கணும், இதுதான் பெரிய வேலை

ஒரு வேலைப் பேருக்கு ஒரு 50 விளம்பரம் சேருங்க. அப்ளை பண்ண வேணாம், படிக்க மட்டும். நௌக்ரி, லிங்க்ட்இன், அப்னா, தமிழ்நாடு அரசோட தனியார் வேலை போர்ட்டல், என்சிஎஸ், ஞாயித்துக்கிழம பேப்பர் வரி விளம்பரம், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுங்க. ஒரே எடத்துல எடுத்தா படம் கோணலாத் தெரியும், ஏன்னா லிங்க்ட்இன்ல சின்ன பட்டறைக்காரர் விளம்பரம் போட மாட்டார், அவர் கேட்டுல அட்டை கட்டிருவார். அதனால குறிச்சி சிட்கோ, அம்பத்தூர், ஓசூர் சிப்காட் மாதிரி தொழிற்பேட்டை பக்கத்துல இருந்தா ஒருநாள் வண்டிய எடுத்துட்டு போய் கேட்டுல தொங்குற "ஆட்கள் தேவை" போர்டையெல்லாம் போட்டோ புடிச்சுட்டு வாங்க. நெட்ல வராத பாதி மார்க்கெட் அந்த போர்டுலதான் இருக்கு.

நோட்டுலயோ எக்ஸெல்லயோ பத்தி பத்தியா கோடு போட்டு பிரிச்சுக்கோங்க: வேலைப் பேர், ஊர், அனுபவம் எவ்ளோ கேக்குறாங்க, படிப்பு என்ன, சம்பளம், கேக்குற திறமை, விளம்பரம் போட்டது கம்பெனியா கன்சல்டன்சியா, தேதி. கடைசி ரெண்ட விட்றாதீங்க, அப்புறம் தேவைப்படும்.

ஒரு விளம்பரத்த எப்படிப் படிக்கணும்னு ஒண்ண எடுத்துப் பாக்கலாம். கோயமுத்தூர் பக்கம் சாதாரணமா பாக்குற மாதிரி ஒண்ணு: "விஎம்சி செட்டர் கம் புரோகிராமர் தேவை. அனுபவம் 2 முதல் 4 வருடம். ஃபானக் கண்ட்ரோல். டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும். சம்பளம் 18,000 முதல் 25,000. உணவு, தங்குமிடம் இலவசம். ஷிப்ட் உண்டு."

மொதல்ல "செட்டர் கம் புரோகிராமர்". ஆப்பரேட்டர்னா பீஸ போட்டு பட்டன அமுக்கி அளவு பாக்குறவர், செட்டர்னா ஜாப் மாத்தும்போது டூல் போட்டு ஆஃப்செட் வெச்சு மெஷின ரெடி பண்றவர், புரோகிராமர்னா டிராயிங்கப் பாத்து மெஷினுக்கு உண்டான புரோகிராம எழுதுறவர். மூணும் மூணு படி, படிக்கு படி சம்பளம் ஏறும். இந்த விளம்பரத்துல ரெண்டு ஆள் வேலைய ஒரு ஆள்ட்ட கேக்குறாங்க, சின்ன கம்பெனின்னா அப்படித்தான், அது உங்களுக்கு நல்லதும்கூட, ரெண்டும் கத்துக்கலாம். "ஃபானக் கண்ட்ரோல்"னா மெஷினோட மூளை எந்த பிராண்டுன்னு அர்த்தம். உங்க 50 விளம்பரத்துல ஃபானக் எத்தன, சீமென்ஸ் எத்தனன்னு எண்ணிப் பாத்தா எந்த கோர்ஸ்ல சேரணும்னு தானா தெரிஞ்சிரும், கோர்ஸ் நடத்துறவர்ட்ட கேக்கவே வேணாம். "18,000 முதல் 25,000"ல புதுசா போறவங்களுக்கு உண்டானது எப்பவும் கீழ இருக்குற நம்பர், மேல இருக்குறது விளம்பரத்துக்கு அழகு. "உணவு தங்குமிடம் இலவசம்"னா உள்ளூர் ஆள் வரலன்னு அர்த்தம், அது ஆள் பஞ்சமாவும் இருக்கலாம், 12 மணி நேர ஷிப்டாவும் இருக்கலாம், கேட்டாத்தான் தெரியும். இதே விளம்பரம் அதே கம்பெனில இருந்து மூணு மாசமா வந்துகிட்டே இருந்தா ஒண்ணு வேகமா வளர்றாங்க, இல்ல சேந்தவன் நிக்காம ஓடுறான்.

50ம் சேந்ததும் எண்ண ஆரம்பிங்க. மொத கணக்கு, இதுல எத்தன விளம்பரம் ஃபிரெஷர்ஸ எடுக்கும்? இது ரொம்ப முக்கியம், இத யாரும் பாக்குறதில்ல. ஒரு வேலைக்கு ஆயிரம் விளம்பரம் இருக்கும், எல்லாம் 3 வருஷம் 5 வருஷம் அனுபவம் கேக்கும், புதுசா வர்றவனுக்கு உள்ள போற கதவே இருக்காது. அப்படி இருந்தா அந்த வேலைக்கு நேரா போக முடியாது, எந்த சின்ன வேலை வழியா உள்ள போறாங்கன்னு கண்டுபுடிக்கணும். ரெண்டாவது கணக்கு, எந்த திறமை திரும்பத் திரும்ப வருது. 50ல 35 எடத்துல எஸ்க்யூஎல் (டேட்டாவ தேடி எடுக்குற கம்ப்யூட்டர் மொழி) கேட்டா அது கட்டாயம், 4 எடத்துல கேட்டா அது அலங்காரம். யூடியூப்ல "இந்த 15 திறமை இல்லன்னா வேலை இல்ல"ன்னு பயமுறுத்துற வீடியோவுக்கெல்லாம் இந்த எண்ணிக்கைதான் பதில். மூணாவது, ஊர். முழுசா சென்னையும் பெங்களூரும்தான்னா வாடகை கணக்கையும் இப்பவே போட்டுக்கணும். வீட்ல வெளியூர் அனுப்ப மாட்டாங்கன்னா அத மறைச்சு பிளான் போட்டு பிரயோஜனம் இல்ல.

எண்ணும்போது குப்பைய எடுத்துருங்க. ஒரே காலியிடத்த நாலு கன்சல்டன்சி போட்டிருப்பாங்க, வார்த்தை அப்படியே இருக்கும், அத ஒண்ணா எண்ணுங்க. "டிரெய்னிங் வித் பிளேஸ்மெண்ட்"னு வர்றது வேலை விளம்பரமே இல்ல, கோர்ஸ் விளம்பரம். சேர்றதுக்கு முன்னாடி டெபாசிட், யூனிபார்ம் காசு, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்னு என்ன பேர்ல காசு கேட்டாலும் அந்த விளம்பரத்த லிஸ்ட்ல இருந்து அடிச்சு விட்ருங்க.

இன்னொண்ணு, சீசன். எங்க பக்கம் தீபாவளி போனஸ் வாங்கினதும் ஆளுங்க கம்பெனி மாறுவாங்க, அதுக்கு அப்புறம் ஒரு மாசம் விளம்பரம் குவியும். ஜவுளிக்கடைகள் தீபாவளிக்கு முன்னாடி எடுக்குற ஆள எல்லாம் பொங்கலுக்கு அப்புறம் வெச்சிருக்க மாட்டாங்க. அதனால ஒரு மாசத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாம, ஆறு மாசம் கழிச்சு அதே வேலைப் பேர மறுபடி தேடி ஒரு 20 விளம்பரம் சேருங்க. ஏஐ வந்து எல்லாத்தையும் முழுங்கிரும்னு ஒருத்தர், ஒண்ணும் ஆகாதுன்னு ஒருத்தர் சண்ட போட்டுகிட்டு இருக்காங்க, உங்க பழைய லிஸ்டையும் புது லிஸ்டையும் பக்கத்துல வெச்சு பாத்தா ஃபிரெஷர் விளம்பரம் கொறஞ்சிருக்கா, கேக்குற திறமை மாறியிருக்கான்னு உங்க வேலைக்கு மட்டும் பதில் கெடைக்கும்.

எத்தன பேர் அடிச்சுக்கிறாங்க

டிமாண்டு இருக்குன்னு தெரிஞ்சா பாதி கெணறுதான் தாண்டியிருக்கு. அரசு வேலைய எடுங்க, இதுல நம்பர் வெளிப்படையா இருக்கு. 2024 டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு முதல்ல அறிவிச்சது 6,244 இடம், அப்ளை பண்ணது 20 லட்சம் பேருக்கு மேல. அப்புறம் இடத்த 9,000த்த தாண்டி ஏத்துனாங்க, அப்பவும் ஒரு இடத்துக்கு 200 பேருக்கு மேல. பரீட்சைக்கே வராதவங்க லட்சக்கணக்குல இருப்பாங்க, சும்மா எழுதிப் பாக்குறவங்களும் இருப்பாங்க, அதையெல்லாம் கழிச்சாலும் கூட்டம் கூட்டம்தான். இதுக்காக எழுதாதீங்கன்னு சொல்லல. டிஎன்பிஎஸ்சி வருஷா வருஷம் ஆண்டுத் திட்ட அட்டவணை வெளியிடுது, எந்த பரீட்சைக்கு எப்போ நோட்டிபிகேஷன், எப்போ தேர்வுன்னு அதுல இருக்கும், அதப் பாத்து எத்தன வருஷம் இதுக்கு ஒதுக்கப் போறேன்னு ஒரு தேதிய போட்டுட்டு இறங்குங்க. தேதி போடாம இறங்குனவங்கதான் 30 வயசுல அனுபவமும் இல்லாம கைல ஹால் டிக்கெட் கட்டோட நிக்கிறாங்க. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்லயே தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச கோச்சிங் நடக்குது, மொதல்ல அங்க போங்க, அப்புறம் ஃபீஸ் கட்டுற எடத்த யோசிக்கலாம்.

தனியார் வேலைக்கு போட்டிய அளக்குறது கொஞ்சம் சுத்து வழி. லிங்க்ட்இன் விளம்பரத்துலயே எத்தன பேர் அப்ளை பண்ணிருக்காங்கன்னு காட்டும், நௌக்ரிலயும் காட்டும். பத்து விளம்பரத்துல அத குறிச்சு பாருங்க. ஃபிரெஷர் ஐடி வேலைக்கு அரை நாள்ல நூத்துக்கணக்குல வந்திருக்கும், அதே ஊர்ல மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலைக்கு ஒரு வாரமாகியும் சொற்பமா இருக்கும். இதுல எத எடுக்கணும்னு நான் சொல்லல, தெரிஞ்சுகிட்டு எடுங்கன்னுதான் சொல்றேன்.

காலேஜ் விஷயத்துல ஒரு நல்ல ஆயுதம் இருக்கு, என்ஐஆர்எஃப் டேட்டா, அதாவது மத்திய அரசு காலேஜுங்களுக்கு ரேங்க் போடுறதுக்கு வாங்குற விவரம். ரேங்க்குக்கு விண்ணப்பிக்கிற காலேஜ் எல்லாம் ஒரு படிவம் சமர்ப்பிக்கணும், அத காலேஜ் வெப்சைட்லயும் போட்டு வெச்சிருப்பாங்க, எங்கயாவது ஒரு மூலைல என்ஐஆர்எஃப்னு ஒரு லிங்க் இருக்கும். அத தெறந்தா ஒவ்வொரு பேட்ச்லயும் எத்தன பேர் சேந்தாங்க, எத்தன பேர் குறிச்ச காலத்துல பாஸ் பண்ணாங்க, எத்தன பேர் வேலைக்கு போனாங்க, எத்தன பேர் மேல்படிப்பு, சம்பளத்தோட மீடியன் என்னன்னு வரிசையா இருக்கும். மீடியன்னா எல்லாரையும் சம்பள வரிசைல நிக்க வெச்சா நட்ட நடுவுல நிக்கிறவரோட சம்பளம். பஸ் பின்னாடி பேனர்ல போடுற "ஹையஸ்ட் பேக்கேஜ்" ஒரே ஒருத்தனோட சம்பளம், அது நீங்களா இருக்க வாய்ப்பு கம்மி. "100 சதவீதம் பிளேஸ்மெண்ட்"னு போட்டிருக்குற காலேஜ்ல சேந்தவங்க எண்ணிக்கையையும் வேலைக்கு போனவங்க எண்ணிக்கையையும் பக்கத்துல வெச்சு பாருங்க, சிரிப்பு வரும். ஆனா ஒரு எச்சரிக்கை, அந்த டேட்டா எல்லா பிராஞ்சும் சேந்தது, உங்க பிராஞ்சுக்கு தனியா கேட்டுத்தான் வாங்கணும், அதுவும் காலேஜ் தானா குடுத்த நம்பர்.

நான் வெளிய வர்றப்போ என்ன ஆகும்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி வெல ஏறுச்சுன்னா அடுத்த போகத்துக்கு எல்லாரும் தக்காளி போடுவாங்க, வெளஞ்சு வர்றப்போ ரோட்டுல கொட்டுவாங்க. படிப்பும் இதே கததான், என்ன, போகம் மூணு மாசம் இல்ல, நாலு வருஷம். தமிழ்நாட்ல 1984ல சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பிச்சு, 2000க்கு அப்புறம் ஐடி ஏறுனதும் காலேஜ் எண்ணிக்கை 500ஐ தாண்டிப் போச்சு, அத்தன பேரும் ஒரே நேரத்துல வெளிய வந்தப்போ என்ன ஆச்சுன்னு உங்க வீட்லயே ஒரு அண்ணன்ட்ட கேட்டா சொல்வார்.

ஐடி கம்பெனிங்க எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. பெரிய கம்பெனிங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரிசல்ட் விடும்போது மொத்த ஆள் எண்ணிக்கையையும் சொல்றது வழக்கம், பேப்பர்ல பிசினஸ் பக்கத்துல வந்துரும். 2023-24 நிதியாண்டுல டிசிஎஸ்ல மட்டும் 13,000 பேருக்கு மேல கொறஞ்சாங்க, இன்ஃபோசிஸ்ல கிட்டத்தட்ட 26,000 பேர். அந்த வருஷம் கேம்பஸ்ல உக்காந்த பசங்களுக்கு ஆஃபர் லெட்டர் ஏன் தள்ளித் தள்ளிப் போச்சுன்னு இதுலயே புரியும். ஒரு காலாண்டு ஏறி இறங்குறது ஒண்ணுமில்ல, நாலு காலாண்ட சேத்து பாருங்க.

ஃபேக்டரி பக்கம் வேற மாதிரி. "ஒப்பந்தம் கையெழுத்து, இத்தன ஆயிரம் பேருக்கு வேலை"ன்னு பேப்பர்ல வந்த அன்னிக்கே அந்த வேலை வந்துராது. தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஃபேக்டரிய பாருங்க, 2024 ஜனவரில ஒப்பந்தம், பிப்ரவரில அடிக்கல், 2025 ஆகஸ்ட்ல தொறந்தாங்க. இது ரொம்ப வேகமா நடந்த கேஸ், இதுக்கே ஒன்றர வருஷத்துக்கு மேல ஆச்சு. பல ஒப்பந்தம் காகிதத்தோட நின்னுரும். அதனால ஒப்பந்தம், அடிக்கல், உற்பத்தி ஆரம்பம், இந்த மூணுல எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாத்துட்டு உங்க படிப்பு முடியற வருஷத்தோட பொருத்திப் பாருங்க. நீங்க இப்போ டிப்ளமோ மொத வருஷம்னா, இன்னைக்கு அடிக்கல் நாட்டுற கம்பெனி உங்களுக்கு உண்டானது. இன்னைக்கு ஆள் எடுக்குற கம்பெனி உங்க சீனியருக்கு.

கம்பெனி வரும், போகும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006ல வந்து 2014 நவம்பர்ல உற்பத்திய நிறுத்துச்சு, ஆயிரக்கணக்கான பேர் தெருவுல நின்னாங்க, அதுல நெறய பொண்ணுங்க. ஆனா அந்த ஏரியாவ விட்டு எலக்ட்ரானிக்ஸ் போகல, அதே வளாகத்துக்குள்ள சார்ஜர் செய்யுற சால்காம்ப் வந்துச்சு, பக்கத்துல ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்ய ஆரம்பிச்சுது. மறைமலைநகர் ஃபோர்டு 2022ல உற்பத்திய நிறுத்தினப்போ அங்க வேலை பாத்த திறமையான ஆளுங்களுக்கு சுத்துப்பட்டுல வேற கார் கம்பெனியும் உதிரிபாக கம்பெனியும் இருந்துச்சு. எல்லாருக்கும் பழைய சம்பளம் கெடைக்கலங்குறதும் உண்மைதான். நான் இதுல எடுத்துக்குறது என்னன்னா, ஒரு கம்பெனிய நம்பி படிக்காம, ஒரே மாதிரி கம்பெனி பத்து இருக்குற ஏரியாவ நம்பி படிக்கணும். கோயமுத்தூர்ல பம்பு, மோட்டார், ஃபவுண்டரி, திருப்பூர்ல பனியன், ஆம்பூர் ராணிப்பேட்டைல தோல், ஓசூர்ல ஆட்டோவும் எலக்ட்ரானிக்ஸும்.

அரசாங்க புள்ளிவிவரம்

இத ரொம்ப நேரம் படிக்க வேணாம், ஆனா ஏமாறாம இருக்க கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்புன்னு ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ் சுருக்கத்துல பிஎல்எஃப்எஸ், 2017ல இருந்து எடுக்குறாங்க, 2025ல இருந்து மாசா மாசமும் வருது. 2023-24 கணக்குப்படி நாடு முழுக்க வேலையில்லாதவங்க 3.2 சதவீதம். அட, கம்மிதானேன்னு தோணும். அதே அறிக்கைல 15ல இருந்து 29 வயசுக்குள்ள மட்டும் பாத்தா 10.2 சதவீதம். ஊர்ல அப்பாவோட மளிகைக் கடைல சம்பளம் இல்லாம உக்காந்திருக்குற பட்டதாரியும் இதுல "வேலையில் இருப்பவர்"தான். வாராந்திர கணக்குல போன ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தாலே வேலைல இருக்கார்னு சேத்துருவாங்க. அதனால டிவில ஒருத்தர் 3ங்குறார் இன்னொருத்தர் 10ங்குறார்னா யாரோட கணக்கு, எந்த வயசுன்னு கேட்டுக்கோங்க. படிச்சவங்கள்ல வேலையில்லாதவங்க படிக்காதவங்கள விட அதிகம்ங்குறதும் இந்தக் கணக்கெடுப்புல வருஷா வருஷம் தெரியுற விஷயம், டிகிரி வாங்குனா வேலை தானா வரும்னு இருக்குறவங்க அத ஒரு தடவ பாத்துக்கணும்.

கம்பெனியையும் சம்பளத்தையும் சரிபாக்குறது

ஒரு கம்பெனி பேர் கெடச்சதும் பிஎஃப் பணத்த பாத்துக்குற அரசு அமைப்பான இபிஎஃப்ஓவோட வெப்சைட்ல எஸ்டாப்ளிஷ்மெண்ட் சர்ச்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க கம்பெனி பேர போட்டு தேடுங்க. பணம் கட்டுன விவரத்த தெறந்தா மாசா மாசம் எத்தன பேருக்கு பிஎஃப் கட்டியிருக்காங்கன்னு வரும். "எங்ககிட்ட 500 பேர் வேலை பாக்குறாங்க"ன்னு சொல்ற கம்பெனி 38 பேருக்கு கட்டியிருந்தா யோசிக்கணும். மீதிப் பேர் கான்ட்ராக்டர் பேர்ல இருக்கலாம், அப்படின்னா நீங்களும் கான்ட்ராக்ட்லதான் சேரப் போறீங்க. எண்ணிக்கை மாசத்துக்கு மாசம் ஏறுதா எறங்குதான்னும் பாருங்க, கட்டாத மாசம் இருந்தா அங்க சம்பளமும் லேட்டா வரும்னு வெச்சுக்கலாம். சின்னக் கம்பெனி இந்த லிஸ்ட்ல இல்லாமலும் இருக்கலாம், 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் பிஎஃப் கட்டாயம்.

சிடிசிய, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்கு செலவு பண்றதா சொல்ற மொத்தத் தொகைய, பிரிச்சுப் பாக்க கத்துக்கோங்க. வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்னா மாசம் 30,000 கைக்கு வரும்னு கணக்குப் போட்டு பைக் புக் பண்ணிராதீங்க. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000னு வெச்சா கம்பெனி கட்டுற பிஎஃப் 1,800ம், கிராஜுவிட்டின்னு (பல வருஷம் வேலை பாத்துட்டு விடும்போது குடுக்குற பணிக்கொடை) ஒரு 700 சொச்சமும் அந்த 30,000துக்குள்ளதான் இருக்கு. அப்புறம் உங்க பங்கு பிஎஃப் 1,800 புடிப்பாங்க. மிஞ்சுறது இருபத்தஞ்சரை கிட்ட. இதுல வேரியபிள் பேன்னு, அதாவது வேலைய பொறுத்து கெடைக்கலாம் கெடைக்காமலும் போகலாம்ங்குற பங்கா, பத்து சதவீதம் இருந்தா இன்னும் ஒரு 3,000 கொறச்சுக்கோங்க. சென்னைல பிஜி வாடகை, சாப்பாடு, பஸ்ஸு போனா வீட்டுக்கு என்ன அனுப்ப முடியும்னு இப்பவே எழுதிப் பாருங்க. உள்ளூர்ல 18,000 வாங்குற வேலை சில சமயம் இத விட மேல நிக்கும்.

வெளிநாட்டு வேலைன்னா இன்னும் ஜாக்கிரத. ஏஜெண்ட் லைசென்ஸ் இருக்கான்னு மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பாக்கலாம், தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு சென்னைல நடத்துது, நர்ஸுங்க அங்க போய் கேக்கலாம். தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு போய் மியான்மர்ல மாட்டுன பசங்க கத 2022ல பேப்பர் முழுக்க வந்துச்சு, மறக்க வேணாம்.

வேலைல இருக்குறவங்க கிட்ட பேசுங்க

விளம்பரம் சொல்லாதத ஆளுங்க சொல்வாங்க. யார்கிட்ட பேசணும்னா, அந்த வேலைல ரெண்டு மூணு வருஷமா இருக்குறவங்க கிட்ட. 20 வருஷ மேனேஜர் நல்லா பேசுவார், ஆனா அவர் உள்ள வந்த கதவு எப்பவோ மூடியாச்சு. லிங்க்ட்இன்ல உங்க காலேஜ் பக்கத்துக்கு போனா அலுமினின்னு ஒரு பகுதி இருக்கும், உங்க சீனியர்ஸ் எந்த ஊர்ல எந்த கம்பெனில என்ன வேலை பாக்குறாங்கன்னு மொத்தமா காட்டும். பாஸ் அவுட் வருஷத்த போட்டு சுருக்கி, உங்க பிராஞ்ச் ஆளுங்க நெஜமா எங்க போய் சேந்திருக்காங்கன்னு பாருங்க, பிராஸ்பெக்டஸ் சொன்னதுக்கும் இதுக்கும் இருக்குற தூரம் தெரியும். ஒரு நாலஞ்சு பேருக்கு மெசேஜ் பண்ணுங்க, "அண்ணா, நானும் நம்ம காலேஜ்தான், உங்க வேலைய பத்தி பத்து நிமிஷம் கேக்கலாமா"ன்னு, வேலை வாங்கித் தாங்கன்னு எடுத்த எடுப்புல கேக்காதீங்க, ஓடிருவாங்க. ஃபேக்டரி வேலைன்னா ஷிப்ட் மாறுற நேரத்துல வாசல் டீக்கடைல போய் நின்னா போதும்.

கேக்க வேண்டியது: நேத்து காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன வேலை பாத்தீங்க? கைக்கு எவ்ளோ வருது? இங்க இருந்து போனவங்க எங்க போனாங்க? இன்னைக்கு புதுசா ஆள் எடுத்தா என்ன பாத்து எடுப்பீங்க? மூணாவது கேள்விதான் தங்கம், போனவங்க நல்ல கம்பெனிக்கு போயிருந்தா அது நல்ல பயிற்சிக் களம், எல்லாரும் தொழில விட்டே போயிருந்தா சேதி வேற.

தொட்டுப் பாத்துட்டு இறங்குங்க

நோட்டுல நல்லா இருக்குற வேலை நமக்கு ஒத்து வராம போகலாம். ஐடிஐ முடிச்சவங்களுக்கு தேசிய அப்ரண்டிஸ் போர்ட்டல் இருக்கு, டிப்ளமோ டிகிரிக்கு நேட்ஸ்னு மத்திய அரசோட அப்ரண்டிஸ் திட்டம் இருக்கு, தென் மாநிலங்களுக்கு அத பாத்துக்குற ஆபீஸ் சென்னை தரமணில இருக்கு. ஒரு வருஷம் உதவித்தொகையோட உள்ள போய் பாக்கலாம், அனுபவச் சான்றிதழும் கெடைக்கும், ஃபிரெஷர் கதவு மூடியிருக்குற வேலைக்கு உள்ள போக இதான் சந்து. காலேஜ்ல இருக்குறவங்களுக்கு 2022ல ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல கோர்ஸ் இருக்கு, உங்க 50 விளம்பரத்துல வந்த திறமை எதாவது அந்த லிஸ்ட்ல இருந்தா காசு குடுத்து வெளிய போகாதீங்க. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வெள்ளிக்கிழமைகள்ல தனியார் வேலை முகாம் நடத்துவாங்க, வேலை வேணுமோ வேணாமோ ஒரு தடவ போய் எந்த கம்பெனி வந்திருக்கு, என்ன சம்பளம் சொல்றாங்க, யார எடுக்குறாங்கன்னு பாத்துட்டு வாங்க. அப்படியே பதிவையும் பண்ணிருங்க, மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், மறந்தா சீனியாரிட்டி போயிரும்.

கடைசியா ஒரு பக்கத்துல எழுதுங்க. போகப் போற வேலை எது, அது கெடைக்கலன்னா அதே திறமைய வெச்சு போகக்கூடிய ரெண்டாவது வேலை எது, அதுக்கு இப்ப கைல இல்லாத ரெண்டு திறமை எது, எந்த மாசத்துக்குள்ள கத்துக்கணும். ரெண்டாவது வேலை முதல் வேலைக்கு பக்கத்துல இருக்கணும், குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆகலன்னா சிஎன்சி செட்டர்னா சரி, குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆகலன்னா விஏஓன்னா ரெண்டையும் மொதல்ல இருந்து படிக்கணும். வீட்ல காட்டும்போது முடிவ மட்டும் சொல்லாம அந்த 50 விளம்பர ஷீட்டையும் சேத்து காட்டுங்க. மாமா அப்பவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு சொல்வார், அப்பா மட்டும் கண்ணாடிய போட்டுட்டு ஷீட்ட ஒரு தடவ மேல இருந்து கீழ வரைக்கும் பாப்பார், பாத்துட்டு அவர் கேக்குற கேள்வியையும் அதே பக்கத்துல எழுதிக்கோங்க, பெரும்பாலும் அது வாடகை, ஷிப்ட், பாதுகாப்பு பத்தி இருக்கும், அடுத்த தடவ சீனியர்ட்ட பேசும்போது கேக்குறதுக்கு ஆகும்.